ஜிம்மில் இரண்டு வருடம், வீட்டில் மூன்று வருடம்: மணவாளக்குறிச்சியிலிருந்து ஓர் அனுபவம்

ஜிம்மா வீடா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பணக் கணக்கைத்தான் முதலில் எடுக்கிறார்கள். இரண்டிலும் நாள்பட இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பணம் கடைசியில் வருகிற விஷயம். உடம்பின் எந்தப் பகுதிக்கு என்று முதலில் கேட்க வேண்டும். காலுக்கும் முதுகுக்கும் ஜிம் வேண்டும். மீதிக்கு வீடு தாராளம்.

எனக்கு வேலை நாகர்கோவிலில், வீடு மணவாளக்குறிச்சியில். ஜிம் கட்டணம் பெரிய பாரமாக இருந்ததில்லை. 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. தின்றதெல்லாம் நேரம்தான். நான் போன இடத்தில் ‘லேடீஸ் டைம்’ காலை 10 முதல் 12 வரை. யாரை நினைத்து வைத்தார்களோ, வேலைக்குப் போகிற பெண்ணை இல்லை. அதனால் ஆபீஸ் விட்டதும் பொது நேரத்தில் போவேன். முடித்துவிட்டு அண்ணா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் குளச்சல் பக்கம் போகிற பஸ்ஸில் படியில்கூட இடம் இருக்காது. போதாக்குறைக்கு நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு முறை, ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாள் போனாலே பெரிது.

இருந்தாலும் முதல் வருடம் ஜிம்மில்தான் தொடங்க வேண்டும் என்பேன். ஸ்குவாட்டில் உட்கார்ந்து எழும்போது முட்டு உள்பக்கம் சாய்வதும், தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் நடுமுதுகு வளைவதும் செய்கிறவருக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். “அக்கா, பைய இறக்குங்க, இறக்குறதுலதான் வேலை இருக்கு” என்று எங்கள் பயிற்சியாளர் பையன் சொன்னதைத்தான் இன்றும் வீட்டில் செய்கிறேன். இன்னொன்று, எடைத் தட்டுகள் மாட்டும் நீளக் கம்பியான ஒலிம்பிக் பார் வெறுமனே 20 கிலோ. அதன் மேல் இரண்டரை கிலோ, ஐந்து கிலோ என்று ஏற்றிக்கொண்டே போகலாம். எழ முடியாமல் போனால், பாரை வைக்கும் ரேக்கில் இருக்கும் குறுக்குக் கம்பி தாங்கிக்கொள்ளும். வீட்டு மாடியில் தனியாக நின்று செய்தால் அந்தத் துணிச்சல் வராது.

வீட்டுக்கு வருவோம். கடற்கரை ஊரில் உடற்பயிற்சிச் சாமான் வாங்குகிறவர் முதலில் நினைக்க வேண்டியது துருவைப் பற்றி. பெயின்ட் அடித்த இரும்பு டம்பெல் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கைப்பிடியில் சிவந்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் பிடி வழுக்கும். ரப்பர் உறை போட்டது விலை கூடுதல்தான், அதையே வாங்குங்கள். பிளாஸ்டிக்குக்குள் சிமென்ட் அடைத்த தட்டுகள் மலிவு. ஆனால் இரண்டு தடவை கீழே விழுந்தால் கீறல் விட்டு மாடியெல்லாம் பொடி. இழுத்துப் பயிற்சி செய்கிற ரப்பர் பட்டையான ரெசிஸ்டன்ஸ் பேண்டை வெயில் படாமல் டப்பாவில் வையுங்கள். ரப்பர் விளைகிற மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. தரைக்கு ‘ஜிம் மேட்’ என்று தேடாமல் மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் கனத்த ரப்பர் மேட்டைக் கேளுங்கள். அதுவே போதும், மூன்று வருடமாகியும் என்னுடையது அப்படியே இருக்கிறது. முதல் பத்து நாள் வரும் நாற்றத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஷீட் போட்ட மாடி எட்டு மணிக்கே காய ஆரம்பித்துவிடும். அதனால் விடியற்காலை ஐந்தரைக்குச் செய்கிறேன். அந்த நேரத்துக்கு இன்னொரு நன்மை, “பிள்ளே, பால் பொங்குதா பாரு” என்று மாமி கூப்பிட மாட்டார். ஆறரைக்குப் பிறகு வீட்டில் பெண்ணுக்குத் தனி நேரம் என்று ஒன்று இல்லை. ஜிம்முக்குத் தருகிற பணத்தில் பாதி இதற்குத்தான் என்று நினைப்பதுண்டு.

தண்டாலும் தோள் பயிற்சிகளும் வீட்டில் குறையில்லாமல் நடக்கின்றன. கால் மட்டும் சீக்கிரம் பழகிவிட்டது. கையில் இருப்பது ஜோடி 10 கிலோ டம்பெல். ஒரு காலைப் பின்னால் ஸ்டூலில் வைத்து இறங்குவது, நாலு எண்ணும் வரை மெதுவாக இறக்குவது என்று கடினமாக்கிப் பார்த்தேன். கொஞ்ச காலம் பலன் இருந்தது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. முதுகுக்கோ, மேலிருந்து இழுக்கும் பயிற்சி வேண்டும். பழைய வீட்டு நிலைச்சட்டத்தில் கம்பி மாட்டித் தொங்க எனக்குத் தைரியமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சியும் சொல்லியிருக்கிறது. நிமிடக் கணக்குக்கு ஜிம் எதற்கு, நடக்க ஊரில் குளக்கரை இருக்கிறது. யோசிக்க வேண்டியது அந்த இரண்டு நாளைப் பற்றித்தான்.

இப்போது என் ஏற்பாடு இப்படி: ஒரு நாள் வீட்டில், சனிக்கிழமை ஜிம்மில் கால், முதுகு. மாதச் சந்தா இல்லாமல் அன்றன்றைக்குப் பணம் வாங்கிக்கொள்ள உரிமையாளர் ஒத்துக்கொண்டார். போர்டில் எழுதியிருக்காது, கேட்டால் சம்மதிப்பார்கள். சேருமுன் கழிவறையையும் நீங்கள் போகப்போகிற நேரத்துக் கூட்டத்தையும் நேரில் பாருங்கள்.

டிரெட்மில் வேண்டாம். பெல்ட்டுக்குச் சிலிக்கோன் எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது. அப்படியும் ஆசை விடாவிட்டால் புதிது வாங்காதீர்கள். தெருவில் விசாரித்தால் பாதி விலைக்குக் கொடுத்து, ஏற்றியும் விடுவார்கள்.