கோபிக்குப் போன இடத்தில் மகனின் முன்பல்

ஜூலையில் ஸ்கூல் லீவு விட்டதும் ஷார்ஜாவிலிருந்து ஊருக்கு, கோபிசெட்டிபாளையத்துக்கு வந்தோம். நாலாம் நாள் கொடிவேரி அணைக்குப் போய்த் திரும்பிய இரவு, மகனுக்கு மேல் முன்பல்லின் ஈறில் சீழ்க்கட்டி. போன வருஷம் விழுந்து அடிபட்ட அதே பல். கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறமாகி வந்ததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

முதலில் போன கிளினிக்கில் எக்ஸ்ரேகூட எடுக்காமல், “புடுங்கிட்டுப் பெரியவனானதும் இம்பிளாண்ட் வெச்சுக்கலாம்” என்றார்கள். பையனுக்கு 9 வயது. தாடை வளர்ந்து முடியாமல், எலும்பில் பதிக்கும் இந்தச் செயற்கைப் பல்லை வைக்க முடியாது. அத்தனை வருஷம் முன்பல் இல்லாமலா? எனக்கு மனசு ஆறவில்லை.

சித்தி மகள் சொல்லி ஈரோட்டில் ஒரு வேர் சிகிச்சை டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பக்கத்துப் பல்லின் வேர் நுனி குவிந்து வருகிறது. இதிலோ வேர் பாதியில் நின்று, நுனி புனல்போல விரிந்து கிடக்கிறது. மேல் முன்பல் ஏழெட்டு வயதில் முளைத்தாலும் வேர் நுனி மூடப் பத்து வயதுபோல ஆகுமாம். அதற்குள் பல்லுக்குள் இருக்கும் உயிர்த்திசுவான பல்கூழ் செத்துவிட்டால் வேரின் வளர்ச்சியும் நின்றுவிடும். வழக்கமான ரூட் கனால் செய்து அடைத்தாலும் சுவர் மெலிசாகவே இருக்கும், இன்னொரு அடி தாங்காது.

“உள்ளுக்குள்ள உயிருள்ள திசுவையே வளர வெச்சுப் பாக்கலாமுங்க” என்றார்.

கூட வந்த அப்புச்சிக்கு (அம்மா வழித் தாத்தா) நம்பிக்கையில்லை. “ஏனுங்கம்மிணி, செத்த வேரு மறுக்கா வளருமுங்களா?”

“நுனிக்கு வெளிய ஸ்டெம் செல், புதுத் திசுவா வளரக்கூடிய செல்லு, உசுரோட இருக்குமுங்கய்யா. ரத்தத்தோட அதை உள்ள வர வெக்கோணும்.”

முதல் தடவை, கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரைட் திரவத்தை வீரியம் குறைத்து உள்ளே கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து மூடினார். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் இரண்டாம் தடவை. நான் பக்கத்திலேயே நின்றேன். மரத்துப்போகப் போட்ட ஊசியில் அட்ரினலின் கிடையாது, அது ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுமாம். ஊசிபோல மெல்லிய ஃபைல் என்ற கருவியை வேர் நுனியைத் தாண்டி 2 மி.மீ. வரை விட்டு லேசாகக் கிளறினார். சிவப்பு மெல்ல ஊறி மேலே ஏறியது. மகன் என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தான். ரத்தம் பல்லின் கழுத்து வரை வந்து உறையும்வரை யாரும் பேசவில்லை. அதன் மேல் எம்.டி.ஏ. என்ற பல் சிமெண்ட் வைத்து மூடி, அதற்கு மேல் ஃபில்லிங்.

2004-ல் பாங்க்ஸ், ட்ரோப் என்ற இரண்டு பல் டாக்டர்கள் இந்த முறையை எழுதிய பிறகு பரவலானதாம். ஆனால் எனக்கு நம்பிக்கை வந்தது டாக்டர் ஒளிக்காமல் பேசியதால்தான். உள்ளே வளர்வது அசல் பல்கூழாக இல்லாமல் எலும்பு போன்ற திசுவாகவும் இருக்கலாம், வேர் தடிக்காமலும் போகலாம், சீழ் ஆறுவதுதான் முதலில் வேண்டியது என்று முன்னமே சொல்லிவிட்டார். கட்டணத்தையும் முதல் நாளே எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு தடவையும் ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தது மட்டும் குறை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதற்கு ஒரு மாதமாவது கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். நடுவில் மருந்து வைத்துக் காத்திருப்பதற்கே மூன்று நாலு வாரம் போய்விடும். அப்புறம் ஆறு மாதம், ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று எக்ஸ்ரே பார்க்க வேண்டும்.

நாங்கள் கிளம்பும்போது ஈறில் கட்டி வற்றியிருந்தது. பிப்ரவரியில் ஷார்ஜாவில் எக்ஸ்ரே எடுத்து, டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அப்புச்சிக்கும் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறார்.