காப்பகமா, தெருவோர ஊசியா, கருத்தடையா?

நெல்லை வட்டாரத்தில் தெரு நாய்களுக்காக நாலு பேர் சேர்ந்தால், முதல் கூட்டத்திலேயே காப்பகம் கட்டும் பேச்சு எழுந்துவிடும். மாதாமாதம் வருவது சில ஆயிரம் ரூபாய் நன்கொடைதான் என்றால், அந்தப் பேச்சைத் தள்ளிப்போடுங்கள் என்பதே என் கட்சி.

காப்பகத்தின் செலவு கட்டடத்தோடு முடிவதில்லை. உள்ளே வந்த நாய் பத்து வருடம் சாப்பிடும். கூட்டிக் கழுவ ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். குட்டிகளை ஒன்றாக அடைத்த இடத்தில் பார்வோ என்ற வைரஸ் நோய் நுழைந்தால் இன்னும் மோசம். அந்தக் கிருமி மாதக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். பினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் கரைசல்தான் கொல்லும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு காப்பகத்தின் தேவை கூடியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அது உள்ளாட்சி சுமக்க வேண்டிய பாரம். உண்டியல் பணத்தில் நடக்கும் குழு அதற்குத் தோள் கொடுத்தால் குழு, காப்பகம் இரண்டும் படுத்துவிடும்.

அடுத்தது விபத்து மீட்பு. நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் நான்குவழிச் சாலையில் அடிபட்ட நாயின் படத்தைப் பகிர்ந்தால் நன்கொடை வருகிறது. சொறி நாய் படத்துக்கு வருவதில்லை. அதனாலேயே பல குழுக்கள் இந்தப் பக்கம் சாய்கின்றன. முறிந்த எலும்புக்குத் தகடு வைக்கும் ஒரு அறுவை சிகிச்சைக்கு ஆகும் பணத்தில் ஒரு தெருவின் சொறி முழுவதையும் குணப்படுத்தலாம். கால் நொறுங்கியிருந்தால் அதை எடுத்துவிடுவது தகடு வைப்பதைவிட மலிவு; மூன்று காலில் நாய்கள் நன்றாகவே ஓடுகின்றன. இடுப்பெலும்பு முறிவுகளில் பல, சில வாரம் கூண்டில் அசையாமல் வைத்தாலே கூடிவிடும். ஆகவே எக்ஸ்ரே எடுக்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனால் தனியார் மருத்துவமனையைவிடச் செலவு குறையும். வள்ளியூரிலிருந்து என்றால் வண்டி வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பின்னங்கால் இரண்டும் இழுபட்டால் மருத்துவர் அந்தக் கால்களின் விரல் நுனியை அழுத்திப் பார்ப்பார். காலை இழுத்துக்கொள்வது மட்டும் போதாது. நாய் திரும்பிப் பார்க்க வேண்டும் அல்லது கத்த வேண்டும். முதுகெலும்பு முறிந்து, இந்த உணர்வும் இல்லை என்றால் எழுந்து நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே கருணைக்கொலையைப் பற்றி மருத்துவரோடு பேசுவது பாவமல்ல.

தெருவிலேயே மருத்துவம் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி மிக மலிவு. ஆனால் அதே நாயை ஓரிரு வார இடைவெளியில் மறுபடி பிடிக்க வேண்டும். ஃப்ளூராலனர் மாத்திரை விலை கூடுதல், ஆனால் ஒன்றின் வேலை ஏறத்தாழ 12 வாரம் நிற்கும். கோழித் துண்டுக்குள் வைத்து நீட்டினால் முடிந்தது. கைக்கு வரும் நாய்க்கு ஊசி, வராததற்கு மாத்திரை. பிறப்புறுப்புக் கட்டிக்கு வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம். ரத்தம் சொட்டித் திரிந்த நாய் முழுதாகத் தேறுவதைப் பார்க்கலாம். மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும் என்பதால் இது மருத்துவர் கையில்தான் நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் புழு வைத்த புண்கள் பெருகும். அதில் மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. புழுவோடு சேர்ந்து நாயின் சதையும் வேகிறது.

கருத்தடைக்குப் படமும் கிடையாது, பாராட்டும் கிடையாது. ஆனாலும் பணத்தில் பாதி அங்கேதான் போக வேண்டும். பெட்டை நாயின் கர்ப்பம் இரண்டு மாதம், வருடத்துக்கு இரண்டு ஈற்று வரலாம். நீங்கள் தூக்கி வளர்க்கும் குட்டிகள் அங்கிருந்துதான் வருகின்றன. 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புதான் இதைச் செய்யலாம் என்பதால் சொந்தமாக அறுவை அரங்கு போட முனைய வேண்டாம். உணவு வைப்பவருக்கு நாய்களைத் தெரியும். வலை வீசாமலே பிஸ்கட்டைக் காட்டி வண்டியில் ஏற்றிவிடுவார். அந்த உதவியையும், பிறகு அதே தெருவில் விடப்படும் நாயின் தையலைக் கவனிப்பதையும் உங்கள் பங்காக எடுத்துக்கொள்ளுங்கள். மேலப்பாளையத்தில் இரண்டு, பேட்டையில் மூன்று என்று சிதறாமல், இறைச்சிக் கழிவு குவியும் ஒரு பகுதியை எடுத்து அங்குள்ள பெட்டைகள் எல்லாவற்றுக்கும் கருத்தடை முடித்த பிறகே அடுத்த பகுதிக்குப் போங்கள். அப்போதே வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டுவிடலாம். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குப் போட்டால்தான் நோய்ப் பரவல் அறும்.

மீதியில் பெரும்பகுதி தெரு மருத்துவத்துக்கு. விபத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டினால் அந்த ஒரு நாய்க்காகத் தனியாக நன்கொடை திரட்டுங்கள். நாயைப் பிடிக்கப்போகும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளும் செலவு மட்டும் இந்தப் பங்கீடு எதிலும் சேராது. அதை முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும்.