குலை எடைக் கணக்கில் பைத்தானின் ‘பைசெக்ட்’

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலைகளை வாங்கும் நிலையம் ஒன்றின் எடைக் கணக்கு நிரலை நான் பராமரித்து வருகிறேன். அதில் ஈராண்டுகளாகப் பயன்படுத்தும், பைத்தான் என்ற நிரல்மொழியின் ‘பைசெக்ட்’ தொகுதியை (ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்பை) பற்றியது இம்மதிப்பீடு.

வரிசைப்படுத்திய பட்டியலில் புதிய மதிப்பு எங்கே அமர வேண்டும் என்பதை இது இருமத் தேடலால் கண்டறிகிறது. நடுவில் உள்ளதை ஒப்பிட்டு, வேண்டாத பாதியை ஒதுக்கி, எஞ்சியதன் நடுவுக்குச் செல்வதால், பத்து லட்சம் பதிவுகள் இருந்தாலும் ஏறத்தாழ 20 ஒப்பீடுகளில் இடம் தெரிந்துவிடும். பைத்தானுடனேயே வருவதால் தனிச் செலவு இல்லை.

ஆனால் வேகத்தைவிட, சமமான மதிப்புகளை இது கையாளும் முறையையே நான் பெரிதாக மதிக்கிறேன். எங்கள் நிலையத்தில் மாதத்திற்கு 5, 10, 20 டன் என்ற எல்லைகளைக் கொண்டு ஊக்கத்தொகைப் படிகள் பிரிக்கப்படுகின்றன. எல்லையைச் சரியாகத் தொட்டவருக்கும் அடுத்த உயர்ந்த படி கிடைக்க வேண்டும். தொடக்கத்தில் நான் இத்தொகுதியின் ‘பைசெக்ட் லெஃப்ட்’ கட்டளையை எழுதியிருந்தேன். அது சமமான மதிப்புக்கு முன்னுள்ள இடத்தைத் தருவதால், சரியாக 10 டன் கொண்டுவந்த பெரியவர் ஒருவருக்கு, ஓர் எல்லையை மட்டுமே எட்டியவர் போல விடை 1 என வந்து, கீழ்ப்படித் தொகையே சீட்டில் ஏறிவிட்டது. ‘பைசெக்ட் ரைட்’ சமமானதற்குப் பின்னுள்ள இடத்தை, அதாவது 2-ஐத் தருகிறது. உழைத்தவருக்குச் சேர வேண்டிய ரிங்கிட் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்ததை அன்று உணர்ந்தேன். விடுபட்ட மீதித் தொகையை மறுநாளே அவரிடம் கொடுத்தோம்.

மழையால் தாமதித்து வரும் சீட்டுகளை நேர வரிசையில் சேர்க்க, உரிய இடத்தைத் தேடிச் செருகும் ‘இன்சார்ட்’ கட்டளை உதவுகிறது. ஒரே நிமிடத்தில் பதிவானவற்றுள் பிந்தி வந்தது பின்னாலேயே நிற்கும். இடத்தைத் தேடுவதுதான் விரைவு. செருகும்போது பின்னுள்ள அனைத்தையும் நகர்த்த வேண்டியிருப்பதால், பட்டியல் மிகப் பெரிதானால் அந்த வேலை கனக்கும். எங்கள் சில ஆயிரம் சீட்டுகளுக்கு அது பொருட்டன்று.

2021-இல் வெளிவந்த பைத்தான் 3.10 பதிப்பிலிருந்து, பதிவின் எந்தப் பகுதியைக் கொண்டு ஒப்பிட வேண்டும் என்பதைச் சொல்லும் ‘கீ’ அளவுருவும் உண்டு. தேடும்போது ஒப்பிடும் மதிப்பையே, இங்கே நேரத்தை மட்டும், நேரடியாகத் தர வேண்டும். இன்சார்ட்டுக்கோ முழுச் சீட்டையும் தர வேண்டும். இவ்வேறுபாடு புதியவர்களைக் குழப்பும்.

பட்டியல் வரிசை குலைந்திருந்தாலும் இத்தொகுதி எச்சரிக்காமல் ஓர் எண்ணைத் தந்துவிடும் என்பதே நான் காணும் பெருங்குறை. ஆகவே ஒவ்வொரு காலையும் எடைமேடை திறப்பதற்கு முன், முந்தைய நாள் சீட்டுகளின் வரிசையைத் தனியே சரிபார்த்த பின்னரே நிரலை இயக்குகிறேன்.