கிளாஸ் காக்பிட் ஸ்கிரீன் ஒரு வருஷம் ஓட்டினதுக்கப்புறம்: ஹொரைசனுக்கு ஃபுல் மார்க், மேப்புக்கு இல்ல

ரவுண்ட் டயல் வெச்ச சின்ன பிளேன்ல கத்துக்கிட்டு, இப்போ டயலுக்குப் பதிலா ரெண்டு பெரிய ஸ்கிரீன் (இதைத்தான் கிளாஸ் காக்பிட்னு சொல்றது), வெளிய இருக்கிற மலை, தரை எல்லாம் ஸ்கிரீன்லயே படமா வரைஞ்சு காட்டுற சிந்தெடிக் விஷன்னு இருக்கிற பிளேனுக்கு மாறி ஒரு வருஷம் ஆச்சு. கம்பெனி பேரு சொல்லல, நான் சொல்றது கொஞ்சம் கூடக்குறைய எல்லா ஸ்கிரீனுக்கும் பொருந்தும்.

முதல்ல ஹொரைசன், அதாவது பிளேன் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு காட்டுற அடிவானக் கோடு. இதுக்காகவே மாறலாம். பழைய டயல்ல உள்ளங்கைக்குள்ள அடங்குற வட்டத்துல இருந்த கோடு, இதுல ஸ்கிரீனோட இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் நீலம் மேல, பழுப்பு கீழன்னு நீளமா கிடக்குது. மேகத்துக்குள்ள போனா நம்மள முதல்ல ஏமாத்துறது நம்ம காதுதான், பிளேன் ரொம்ப மெதுவா சாஞ்சா உள்காதுக்கு அது தெரியவே தெரியாது. போன மாசம் ஹூட் (பயிற்சிக்காக வெளிய தெரியாம கண்ணை மறைக்கிறது) போட்டு ஓட்டும்போது அப்படித்தான், எனக்கே தெரியாம இடது பக்கம் சாஞ்சிருக்கேன், ஸ்கிரீன பாத்து சட்டுனு நேராக்கினதும் உடம்பு முழுக்க வலது பக்கம் விழுற மாதிரி இருந்துச்சு, தலை தானா இடது பக்கம் சாயுது. அவ்ளோ நீளக் கோடு கண்ணு முன்னாடி இருந்ததால கண்ணை நம்ப முடிஞ்சுது. சின்ன டயலா இருந்திருந்தா காது பேச்சதான் கேட்டிருப்பேன்னு நினைக்கிறேன்.

அதுக்கு மேலயே ஃபிளைட் பாத் மார்க்கர்னு ஒரு பச்சை வட்டம், ரெண்டு பக்கமும் குட்டி ரெக்கையோட. மூக்கு எங்க பாக்குதுன்னு காட்டாது, பிளேன் நிஜமா எங்க போயிட்டு இருக்குன்னு காட்டும். அது மலைப் படத்து மேல உக்காந்திருந்தா இப்படியே போனா மலைலதான் போய் மோதுவோம். கணக்கே போட வேண்டாம், அருமையான விஷயம்.

ஸ்பீடு, ஆல்டிட்யூட் (உயரம்) காட்டுற டேப், அதாவது நம்பர் மேலயும் கீழயும் ஓடுற பட்டை, பரவாயில்ல ரகம். டயல்ல முள் எந்தப் பக்கம் நிக்குதுன்னு ஓரக்கண்ணால பாத்தாலே போதும், டேப்ல நம்பரை வாசிச்சாகணும், வேலை ஜாஸ்தி இருக்கிற நேரத்துல அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

நம்பர்னு வந்ததும் ஒண்ணு சொல்லியே ஆகணும். 1992 ஜனவரி 20, ஏர் இன்டர் 148, ஏர்பஸ் ஏ320, பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல இறங்கும்போது மலைல மோதி 87 பேர் போயிட்டாங்க. காக்பிட்ல இறக்கத்தை செட் பண்ற நம்பர் தெரியுற ஒரே குட்டி ஜன்னல்ல, ஒரு மோடுல -3.3னு இருந்தா 3.3 டிகிரி இறக்கம், இன்னொரு மோடுல -33னு இருந்தா நிமிஷத்துக்கு 3300 அடி இறக்கம். பைலட்டுங்க மோடை மாத்திப் புரிஞ்சுக்கிட்டாங்கங்கிறதுதான் விசாரணைல பலமா வந்த சந்தேகம். அப்புறம் அதை -3300னு முழுசா காட்டுற மாதிரி மாத்தினாங்க. அந்த ரெண்டு சைபரை முதல்லயே போட்டிருக்கலாமேன்னு எப்ப நினைச்சாலும் மனசு கேக்கல.

மேப்லதான் எனக்குப் பெரிய குறை. டிராக் அப்ல, அதாவது நாம போற திசை எப்பவும் மேப்ல மேல இருக்கிற மாதிரி வெச்சா முன்னாடி இருக்கிறது மேல, வலது கைப்பக்கம் இருக்கிறது வலதுல, ஓட்ட சுகமா இருக்கும். ஆனா நாம திரும்பும்போதெல்லாம் மேப்பும் சேர்ந்து சுத்துது, அதனால ஊர் எங்க, ஆறு எங்க, ரன்வே எங்கன்னு மொத்தப் படமா மனசுல எதுவும் நிக்க மாட்டேங்குது. ஒரு நாள் இன்ஸ்ட்ரக்டர் ஸ்கிரீன் மேல ஒரு பேப்பரை வெச்சு மறைச்சுட்டு "ஏர்போர்ட் எந்தப் பக்கம், கை காட்டு"ன்னாரு. நான் காட்டின பக்கத்துக்கு நேர் எதிர்ல இருந்துச்சு. டயல்ல ஓட்டின காலத்துல இது தப்பினதே இல்ல, முள்ளைப் பாத்துப் பாத்து படத்தை நானே மனசுல வரைஞ்சுக்கிட்டே இருந்தேன். இப்போ ஸ்கிரீனே வரைஞ்சு குடுத்துடுது.

நார்த் அப்ல, அதாவது வடக்கு எப்பவும் மேல இருக்கிற மாதிரி வெச்சா அந்தப் படம் நிக்குது, ஆனா தெற்கே போகும்போது இடது வலது தலைகீழாயிடும், லேண்டிங் நேரத்துல அது ஆபத்து. அதனால இப்போ தூரமா போறப்போ நார்த் அப், ஏர்போர்ட் கிட்ட வந்ததும் டிராக் அப். இந்த மாத்துற பட்டன் மூணு மெனு உள்ள புதைஞ்சு கிடக்குது, அடுத்த அப்டேட்லயாவது வெளிய ஒரு தனி பட்டனா குடுங்கப்பா. 5க்கு 3.5.