நேரடிப் பேருந்தா, இணைப்புப் பேருந்தா? புறநகர்த் தடங்கள் குறித்த ஓர் ஒப்பீடு

பெருநகரிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஊர்களுக்குப் பேருந்துத் தடம் வகுப்பவர்கள் முன் அடிப்படையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஊரில் ஏறியவர் நகர மையத்தில்தான் இறங்க வேண்டும் என்று ஒரே பேருந்தைக் கடைசிவரை ஓட்டுவது ஒன்று. அருகிலுள்ள ரயில் நிலையம் அல்லது முதன்மைச் சாலைச் சந்திப்பு வரை மட்டும் இணைப்புப் பேருந்தை விட்டு, அங்கிருந்து அடிக்கடி புறப்படும் ரயிலிலோ பெரிய பேருந்திலோ மாறிச் செல்லவைப்பது மற்றொன்று. பயணிகளைக் கேட்டால் பெரும்பாலோர் முதலாவதையே கேட்பார்கள். திட்டமிடுவோர் இரண்டாவதின் பக்கம் சாய்வார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் தரப்பு காலை எட்டு மணிப் பயணத்தையும், இரண்டாம் தரப்பு நாள் முழுவதற்குமான சேவையையும் மனத்தில் வைத்துப் பேசுவதால்தான் விவாதம் முடிவுக்கு வருவதே இல்லை.

நேரடிப் பேருந்தின் அருமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தொடக்க நிறுத்தத்திலேயே ஏறுபவருக்கு உட்கார இடம் கிடைக்கும். கிடைத்த இடம் கடைசிவரை அவருடையது. மூட்டை முடிச்சோடு வருபவருக்கும், கைக்குழந்தையைத் தூக்கி வருபவருக்கும், முழங்கால் வலியோடு படியேறுபவருக்கும் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவது என்பது வெறும் வசதியன்று. பயணம் போவதா வேண்டாமா என்பதையே அதுதான் தீர்மானிக்கும். மாறும் இடத்தில் செலவாகும் 5 நிமிடம் பயணியின் மனத்தில் 5 நிமிடமாகப் பதிவதில்லை என்பதால்தான், போக்குவரத்துக் கணிப்பு மாதிரிகளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உண்மையான காத்திருப்புக்கு மேலாகச் சில நிமிடங்களைத் தண்டமாகச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு இணைப்புப் பேருந்துக்கு என்ன பலம் என்று கேட்டால், அது எளிய கூட்டல் கணக்கில் இருக்கிறது. நகர மையத்திலிருந்து 30 கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஊர். நேரடியாகச் செல்ல 75 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்வர 150 நிமிடம். இரு முனையிலும் ஓட்டுநரின் ஓய்வுக்கும் தாமதத்தை ஈடுகட்டவும் 15 நிமிடம் வீதம் சேர்த்தால், ஒரு நடைக்கு மொத்தம் 3 மணி நேரம். கையில் 3 பேருந்துகள் இருந்தால் மணிக்கு ஒன்று விடலாம். அதே 3 பேருந்துகளை 10 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சந்திப்போடு நிறுத்திக்கொண்டால், ஒரு வழிக்கு 25 நிமிடம், இரு முனையிலும் 5 நிமிடம் வீதம் நிறுத்தம், ஆக ஒரு நடை 1 மணி நேரத்தில் முடிந்துவிடும். அதாவது 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து. சந்திப்பிலிருந்து 10 நிமிட இடைவெளியில் வண்டிகள் ஓடி, மீதித் தொலைவுக்கு 50 நிமிடம் ஆகிறதென்றால், சராசரிக் காத்திருப்பையும் சந்திப்பில் 3 நிமிட நடையையும் சேர்த்து மொத்தம் 93 நிமிடம். நேரடிப் பேருந்தில் சராசரிக் காத்திருப்பு 30 நிமிடத்தோடு 105 நிமிடம்.

மணிக்கு ஒரு பேருந்து என்றால் யாரும் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நிற்பதில்லை, நேரம் பார்த்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அந்தக் காத்திருப்பு மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. மருத்துவமனையில் வேலை முடிந்தவர் அடுத்த பேருந்துக்கு 50 நிமிடம் இருப்பதால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பதும், 9 மணிக்குக் கடை திறக்க வேண்டியவர் 8 மணிக்கே வந்து இறங்குவதும் காத்திருப்புதான். எந்தக் கால அட்டவணையிலும் அது பதிவாவதில்லை. இந்தக் கணக்கின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: சந்திப்பில் இறங்கியவர்களை ஏற்றிக்கொள்ளும் அளவுக்கு முதன்மைத் தடத்தில் இடம் இருக்கிறது என்று அது அனுமானிக்கிறது.

அந்த அனுமானம் பொய்த்தால் என்ன நடக்கும் என்பதைச் சிலி நாட்டின் சாண்டியாகோ 2007 பிப்ரவரியில் கண்டது. நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடிய நீண்ட பேருந்துத் தடங்களை ஒரே நாளில் நீக்கிவிட்டு, உள்ளூர்த் தடங்கள், முதன்மைத் தடங்கள், மெட்ரோ என்று பிரித்து அமைத்தார்கள். பேருந்துகள் போதவில்லை, தனித்தடங்களும் மாறும் நிலையங்களும் முழுமையாகத் தயாராகவில்லை, கூட்டம் மொத்தமும் மெட்ரோவில் போய் நெருக்கியது. நாட்டின் அதிபர் மிச்சேல் பாச்செலெட் மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. வரைபடத்தில் பார்த்தால் புதிய ஏற்பாடு பழையதைவிட ஒழுங்காகத்தான் இருந்தது. கனடாவின் ஒட்டாவாவில் 2019இல் இலகு ரயில் தொடங்கியதும், அதுவரை நகர மையம்வரை சென்ற புறநகர் விரைவுப் பேருந்துகள் ரயில் நிலையங்களோடு நிறுத்தப்பட்டன. 2021இல் ரயில் இருமுறை தடம்புரண்டு சேவை பல வாரம் முடங்கியபோது, அத்தனை புறநகர்வாசிகளும் மாற்றுப் பேருந்துகளை நம்ப வேண்டியதாயிற்று. முதுகெலும்பு ஒன்றே ஒன்றாக இருக்கும் அமைப்பில் அது ஒடிந்தால் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் தவிக்கும். நேரடித் தடங்களில் ஒரு வண்டி பழுதானால் பாதிக்கப்படுவது அந்த வண்டியில் இருப்பவர்களும் அடுத்த நிறுத்தங்களில் நிற்பவர்களும் மட்டுமே.

நேரடிப் பேருந்து தெளிவாக வெல்லும் இடங்களும் உண்டு. அங்கெல்லாம் சாலையில் அதற்கென்று தனி வழி இருப்பதைக் காணலாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் புறநகர்களிலிருந்து நியூயார்க்குக்கு வரும் பேருந்துகளுக்காக, ஆற்றின் அடியில் மன்ஹாட்டனுக்குச் செல்லும் லிங்கன் சுரங்கப்பாதையை நோக்கிய சாலையில் எதிர்த்திசைத் தடம் ஒன்று காலை நெரிசல் வேளையில் மட்டும் ஒதுக்கப்படுகிறது. 1970 டிசம்பரில் தொடங்கிய ஏற்பாடு இது, நீளம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர்தான். கார்கள் ஊர்ந்து நிற்கையில் பேருந்துகள் பக்கத்திலேயே கடந்து மன்ஹாட்டன் முனையத்தை அடைகின்றன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு இன்னும் ஒரு படி மேலே போனது. 1986இல் முதல் பகுதி திறக்கப்பட்டு 1989இல் நிறைவுற்ற 12 கிலோமீட்டர் வழிகாட்டித் தடத்தில், முன்சக்கரங்களின் பக்கவாட்டில் பொருத்திய சிறு உருளைகள் கான்கிரீட் விளிம்பைத் தொட்டபடி பேருந்தைச் செலுத்துகின்றன. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டியதில்லை. தடம் முடிந்ததும் அதே பேருந்து சாதாரணச் சாலையில் இறங்கிக் குடியிருப்புத் தெருக்களுக்குள் போய்விடுகிறது. முதன்மைத் தடத்தின் வேகமும் மாறாமல் செல்லும் வசதியும் ஒன்றாகக் கிடைப்பதால், இந்த இரண்டில் எது என்ற கேள்வியே அங்கு எழாது. ஆனால் அப்படியொரு தடம் அமைக்கப் பணமும் நிலமும் உள்ள நகரங்கள் குறைவு.

இணைப்பு முறை சிறப்பாக நடக்கும் ஊரைப் பார்க்க வேண்டுமானால் சுவிட்சர்லாந்துக்குத்தான் போக வேண்டும். 1990இல் சூரிக் வட்டாரத்துக்கென்று உருவான போக்குவரத்துக் கூட்டமைப்பு, ரயில், டிராம், பேருந்து, படகு என அனைத்துக்கும் ஒரே பயணச்சீட்டைச் செல்லுபடியாக்கியது. இன்னும் முக்கியமானது நேரம். ரயில் வந்து நிற்கும் நிமிடத்தை முதலில் முடிவுசெய்து, நிலைய வாசலில் பேருந்துகள் நிற்க வேண்டிய நேரத்தை அதைச் சுற்றி வகுக்கிறார்கள். ரயிலிலிருந்து இறங்கியவர் படியிறங்கி வெளியே வரும்போது அவருடைய பேருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. இதைச் சாதாரணச் சந்திப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இரு பேருந்துகளின் நிறுத்தங்களும் அகலமான சாலையின் இரு பக்கத்தில் இருக்கும், சிக்னலுக்காக நின்றுகொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கத்தில் தன் வண்டி கிளம்பிப் போவதைப் பயணி பார்ப்பார். அவருக்கு இணைப்புப் பேருந்தின் மேல் வெறுப்பு வருவதில் வியப்பில்லை. குறை இணைப்பு முறையில் இல்லை. நிறுத்தத்தை அங்கே வைத்தவரிடம் இருக்கிறது.

அழைத்தால் வரும் சிற்றுந்து என்று மூன்றாவது வழி ஒன்றும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 2012இல் தொடங்கிய குட்சுபிளஸ் சேவையைப் பயன்படுத்தியவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆயினும் ஒவ்வொரு பயணத்துக்கும் ஆகும் மானியம் பெரிதாக இருந்ததால் 2015 இறுதியில் நிறுத்தப்பட்டது. மக்கள் மிகவும் சிதறி வாழும் இடங்களுக்கு அது பொருந்தலாம். கூட்டம் கூடும் தடத்துக்கு ஆகாது. கூட்டம் கூடக்கூடச் செலவும் கூடவே ஏறுவதுதான் அதன் சிக்கல்.

எனவே என் தேர்வு நிபந்தனையோடு கூடியது. தனித்தடம் இருந்தால், அல்லது ஊர் தன்னந்தனியே ஒரு பேருந்தை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக இருந்தால், நேரடிப் பேருந்து. மற்ற ஊர்களுக்கு நாள் முழுவதும் இணைப்புப் பேருந்து. நெரிசல் வேளையில் மட்டும் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என நேரடி நடைகளை வைத்துக்கொள்ளலாம். இதைத் தூய்மையற்ற சமரசம் என்று திட்டமிடுவோர் முகம் சுளிப்பார்கள். ஆனால் அலுவலகம் செல்பவர்களின் ஆதரவு இல்லாமல் எந்த மாற்றமும் ஓர் ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்காது.

இணைப்பு முறைக்கு மாறும் முன் அட்டவணையில் சரிபார்க்க வேண்டியது கடைசி நடை. முதன்மைத் தடத்தின் கடைசி வண்டி சந்திப்புக்கு வந்து சேர்ந்து, அதிலிருந்து இறங்கியவர்கள் நடந்து வந்து ஏறிய பிறகே ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்து புறப்பட வேண்டும். அந்த ஒரு வண்டி மட்டுமாவது, முன்னது தாமதமானால் காத்து நிற்கும் என்று எழுத்தில் உத்தரவு இருக்க வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாத நிர்வாகம் நேரடிப் பேருந்தையே தொடர்ந்து ஓட்டட்டும்.