உயரத்தில் மோவா, எடையில் யானைப்பறவை

இன்று அற்றுப்போன இரு பெரும்பறவைகளான நியூசிலாந்தின் தினோர்னிஸ் என்னும் பெருமோவாவையும் மடகாஸ்கரின் ஏப்பியோர்னிஸ் என்னும் யானைப்பறவையையும் ஒப்பிட்டால், உயரத்தில் முன்னதும் எடையில் பின்னதும் மிஞ்சி நிற்கின்றன. கழுத்தை நிமிர்த்திய பெண் மோவா ஏறத்தாழ 3.6 மீட்டர் உயரமும் 230 கிலோவுக்கு மேல் எடையும் கொண்டது. யானைப்பறவையோ சுமார் 3 மீட்டர் உயரமே இருந்தும் 500 கிலோவைத் தாண்டியது.

மோவாவில் ஆண் மிகச் சிறியது. ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு இனங்களென்றே அறிஞர்கள் நெடுங்காலம் பிரித்துவைத்திருந்தனர். 2003-இல் எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்த பிறகே அந்தக் குழப்பம் தீர்ந்தது. யானைப்பறவைக்குச் சிறு சிறகின் எச்சமேனும் இருந்தது. மோவாவுக்குச் சிறகெலும்பே கிடையாது.

என்னைக் கேட்டால், வியப்பு முட்டையில்தான் இருக்கிறது. யானைப்பறவையின் முட்டை 30 சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டு, சுமார் 150 கோழிமுட்டைகளின் கொள்ளளவை அடக்கியது. அதன் ஓடு 3 மில்லிமீட்டருக்கும் தடித்தது. மோவா முட்டையின் ஓடு அதில் பாதிகூட இல்லை என்பதால், எடை குறைந்த ஆணே அடைகாத்திருக்க வேண்டும் என்று கருதுகின்றனர்.

மாவோரி மக்கள் நியூசிலாந்தில் குடியேறிய ஓரிரு நூற்றாண்டுகளுக்குள், ஏறத்தாழ 15-ஆம் நூற்றாண்டில், வேட்டையால் மோவா அற்றுப்போனது. யானைப்பறவையோ மனிதரோடு நெடுங்காலம் வாழ்ந்து, சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. விந்தை என்னவெனில், நியூசிலாந்தின் கிவிப் பறவைக்கு நெருங்கிய உறவு அதே மண்ணின் மோவா அன்று, கடல்கடந்த யானைப்பறவையே.