நைன் சாங்ஸா, ஒன்ஸா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சர்ச் பாடகர் குழுவில் கிதார் பழகிய பையன்கள் நிறைய. "சின்ன பட்ஜெட்ல ராக் படம் எதுண்ணே பாக்கலாம்?" என்று கேட்பவர்கள் நைன் சாங்ஸ், ஒன்ஸ் என்ற இந்த இரண்டு படங்களில் வந்துதான் நிற்கிறார்கள்.

கதை
நைன் சாங்ஸ் (2004): லண்டனில் ஒரு ஜோடி. கச்சேரி, படுக்கை, மறுபடி கச்சேரி.
ஒன்ஸ் (2007): டப்ளின் தெருப் பாடகனும் பியானோ வாசிக்கும் செக் பெண்ணும் சேர்ந்து பாட்டுப் பதிவு செய்கிறார்கள்.

இசை
நைன் சாங்ஸில் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட், பிரைமல் ஸ்க்ரீம் போன்ற குழுக்களின் நேரடிக் கச்சேரிகள். கூட்டத்துக்குள் நாமே நிற்பதுபோல் இருக்கும். ஆனால் பாட்டு எப்படி உருவாகிறது என்பது படத்தில் இல்லை.
ஒன்ஸில் அதுதான் படமே. இசைக்கருவிக் கடையில் அவன் கிதாரில் கார்டுகளை (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) சொல்லித்தர, அவள் பியானோவில் மெல்லப் பிடித்துக்கொண்டு இரண்டாம் குரலாகச் சேரும் இடம் இருக்கிறதே, அடடா! 2008-ல் ஆஸ்கர் வாங்கியது அந்தப் பாட்டுதான்.

துணிச்சல்
நைன் சாங்ஸில் நடிகர்களின் உடலுறவு நிஜமானது. ஆபாசம் என்பார்கள் சிலர், நேர்மை என்பார்கள் சிலர். எனக்கு உறுத்தியது வேறு: அந்த இரண்டு பேரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை, அதனால் 71 நிமிடமே நீளமாகப் பட்டது.
ஒன்ஸில் படுக்கைக் காட்சியே கிடையாது. ஏக்கம் மட்டும் கடைசிவரை நிற்கிறது.

சரி, யாருக்கு எது? மேடை ஒளியும் கூட்டமும் வேண்டும், 18 வயதும் தாண்டிவிட்டது என்றால் நைன் சாங்ஸ். தனியாகப் பாருங்கள், வீட்டு ஹாலில் வேண்டாம். சொந்தமாகப் பாட்டு போட ஆசைப்படுகிறவர்கள் யோசிக்காமல் ஒன்ஸ் பாருங்கள், கிதாரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு.